டீசல் எங்கே போனது? ஒரு பிக்கப்பின் மூன்று மாதக் கணக்கு

2022 மார்ச் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், அத்தான் பெட்ரோல் நிலைய ரசீது ஒன்றை என் மேசையில் வைத்தார். 62 லிட்டர் டீசல். அதற்கு முந்தைய ரசீதிலிருந்து இதுவரை வண்டி ஓடியது 500 கிலோமீட்டர். "மீதி டீசலை யார் குடிச்சது?" என்று கேட்டார். அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் டிரைவர் அண்ணன். திருவாரூர்ப் பக்கத்துக்காரர், ஆறு வருடமாக எங்களிடம் இருக்கிறார்.

எங்களுடையது சின்ன ஏர்கான் சர்வீஸ் கம்பெனி. சிங்கப்பூரின் கிழக்கே காக்கி புக்கிட்டில் ஒரு யூனிட், இரண்டு வண்டி, ஒன்பது பேர். கணக்கும் வண்டிகளும் என் பொறுப்பு. இந்தப் பிக்கப் 2013-ல் பதிவானது, 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், டபுள் கேப். அடுத்த வருடம் சி.ஓ.இ. (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட அனுமதி) முடிய இருந்தது, சரக்கு வண்டிகளுக்கான சி பிரிவு விலையோ ஏலத்துக்கு ஏலம் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் வண்டியை மாற்றும் யோசனைக்கே இடமில்லை. இருக்கிற வண்டியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

விலைவாசி அப்போது எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். பிப்ரவரி 24-ல் உக்ரைன் போர் தொடங்கியது, சில வாரங்களில் பம்ப்பில் எண்கள் நாளுக்கு ஒன்றாக மாறின, ஆண்டு நடுவில் டீசலின் பலகை விலை லிட்டருக்கு 3 வெள்ளியையே (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது. இங்கே டீசல் வரி 2019 முதல் லிட்டருக்கு 20 காசு, பெட்ரோல் வரி 2021 முதல் ரகத்தைப் பொறுத்து 66 அல்லது 79 காசு. இரண்டுமே லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பவை, அரசாங்கம் அந்த வருடம் வரியைக் குறைக்கவும் இல்லை. டீசலில் வரியின் பங்கு சிறியது என்பதால் உலகச் சந்தையில் விலை ஏறினால் அந்த ஏற்றம் அப்படியே நம் ரசீதில் வந்து உட்காரும். விகிதமாகப் பார்த்தால் பெட்ரோல் கார்க்காரரைவிட டீசல் லாரிக்காரருக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

சரி, ஆளைக் குற்றம் சொல்வதற்கு முன் அளந்து பார்ப்போம் என்று அத்தானிடம் ஒரு மாத அவகாசம் கேட்டேன். ஒரு மனுஷனுடைய ஆறு வருட வேலையும் பெயரும் ஒரு ரசீதில் போய்விடக் கூடாது என்பதுதான் என் முதல் எண்ணம், காசு மிச்சம் அப்புறம்தான்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, மீட்டர் எண், லிட்டர், ஓட்டியவர், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். விதி மூன்றே மூன்று. எப்போதும் ஒரே நிலையத்தில் ஒரே பம்ப்பில் நிரப்புவது, எப்போதும் முழு டாங்க், கைப்பிடியை மெதுவான நிலையில் வைத்து முதல் 'கிளிக்' வந்ததும் நிறுத்துவது. டீசல் நுரைக்கும், வேகமாக ஊற்றினால் நுரை மேலே வந்து டாங்க் நிரம்பும் முன்பே கிளிக் ஆகிவிடும், அதை டாங்க் நிரம்பிவிட்டது என்று எழுதினால் அந்த வாரம் வண்டி தேன் போல ஓடியதாகத் தெரியும், அடுத்த வாரம் பூதம் மாதிரி குடித்ததாகத் தெரியும். எங்கள் பழைய ரசீதுகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தவை. ஒருவர் 50 வெள்ளிக்கு ஊற்றுவார், இன்னொருவர் நிரப்புவார், அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் யாரை வேண்டுமானாலும் திருடனாக்கலாம்.

அடுத்து மீட்டரையே சோதித்தேன். போன வருடம் டயர் மாற்றியபோது பழைய 225/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டிருந்தார்கள். விட்டத்தில் இரண்டு சதவீதம் பெரிது. அதாவது மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 102 ஓடியிருக்கும். கைப்பேசியில் ஜி.பி.எஸ். வைத்து, தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ் போய் வந்து ஒப்பிட்டதிலும் ஏறக்குறைய அதே வித்தியாசம் வந்தது. இங்கேயே "காணாமல் போன" டீசலில் கொஞ்சம் கிடைத்துவிட்டது. அந்த 62 லிட்டர் ரசீது லிட்டருக்கு 8.1 கிலோமீட்டர் என்று காட்டியது, திருத்திப் பார்த்தால் 8.2 ஆனது. இனி வரும் எண்கள் எல்லாமே திருத்தியவை.

நான்கு முறை நிரப்பிச் சராசரி எடுத்தேன், 8.3. நடுவில் ஒரு டாங்க் முழுவதையும் நானே ஓட்டினேன், அதே இடங்கள், அதே வேலைகள், இரவில் வண்டி என் வீட்டு புளோக்கின் கார் பார்க்கிங்கில். 8.4. ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாய்வரை நிரப்பி நிறுத்தி, திங்கள் காலை மறுபடி நிரப்பிப் பார்த்தேன், பம்ப்வரை போன தூரத்துக்கு மேல் எதுவும் பிடிக்கவில்லை. டீசலை யாரும் எடுக்கவில்லை, வண்டிதான் குடித்துக்கொண்டிருந்தது. அத்தானிடம் நோட்டைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வண்டியப் பாரு" என்றார்.

நான் ஓட்டிய அந்த வாரத்தில்தான் அண்ணன் சொன்னார், "தம்பி, நான் சீனப் புத்தாண்டுக்கு முன்னாடியே சொன்னேனே, வண்டி கனமா இழுக்குது, கால எடுத்தா பொசுக்குனு நின்னுடுதுன்னு." சொல்லியிருந்தார்தான். சாமான் அதிகம், அதனால் இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அதனால் சாமானிலிருந்து ஆரம்பித்தோம். பின்பக்கத்தைக் காலி செய்து சிமெண்ட் தரையில் பரப்பியபோது எனக்கே கஷ்டமாக இருந்தது. பழைய கம்ப்ரசர் மூன்று, கழற்றிய அவுட்டோர் யூனிட்டின் தகரங்கள், செப்புக் குழாய்த் துண்டுகள், காலி கேஸ் சிலிண்டர்கள், ஈரம் பட்டு இறுகிப்போன ஒரு மூட்டை சிமெண்ட், யாருடையது என்றே தெரியாத இரண்டு கார் ஜாக். எத்தனையோ மாதமாக இதெல்லாம் தீவைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் வந்து தராசில் போட்டார், 186 கிலோ. சாதாரணக் காரில் 45 கிலோ கூடினால் சுமார் ஒரு சதவீதம் எரிபொருள் கூடும் என்பது பொதுவான கணக்கு. பிக்கப் கனமான வண்டி என்பதால் விகிதம் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனால் எங்களுக்குச் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிற வேலை, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அந்த 186 கிலோவை டீசல் செலவழித்துத் தள்ள வேண்டும், பிறகு பிரேக் பிடித்து அதை வெறும் சூடாக்கி விட வேண்டும்.

அதே வாரம் டயர் காற்று. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அளந்ததில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும் அளவைவிட நான்கிலுமே 8 முதல் 10 பி.எஸ்.ஐ. குறைவு. மத்தியான வெயிலில் ஓடி வந்த டயரை அளந்தால் சரியாக இருப்பதுபோல் காட்டும், நாங்கள் எப்போதும் அப்போதுதான் அளந்திருக்கிறோம். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் போல நஷ்டம் என்பார்கள், கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், பத்து குறைந்தால் இரண்டு சதவீதம். சுமை ஏற்றும் வண்டியில் காற்றுக் குறைந்த டயர் சூடாகி வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது, அதற்காகவே பார்க்க வேண்டிய விஷயம் இது. சுமையும் காற்றும் சேர்ந்து 8.3 என்பது 8.7 ஆனது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. டாங்க்குக்கு டாங்க் மழை, நெரிசல், வேலை இடம் என்று எண் தானாகவே இரண்டு மூன்று சதவீதம் ஆடும், அதனால் சின்ன மாற்றங்களைத் தனித்தனியாக நிரூபித்தோம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிக்கப் மைலேஜ் பற்றித் தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கக்காரர்கள் எழுதியவை. அவர்கள் 110, 120-ல் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள், அதனால் பேச்சு முழுக்கக் காற்றைப் பற்றியே இருக்கும், வேகத்தைக் குறை, பின்பக்கத்துக்கு மூடி போடு, பின்கதவை இறக்கு, ஏற்று என்று. பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் மிச்சம் என்பதே தவறு. கதவு மூடியிருக்கும்போது பின்தொட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தை மாதிரி நிற்கிறது, மேலே வரும் காற்று அதன் மேல் வழுக்கிப் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 110-ல் அதுதான் ராஜா. நமக்கோ இலகு சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையிலேயே 70 தான் உச்ச வேகம். வண்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த '70' வட்டமே நம் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. இங்கே எடை, நின்று கிளம்புவது, நின்றபடியே எஞ்சினை ஓடவிடுவது, சக்கரம் தடையில்லாமல் உருள்வது, இந்த நான்கில்தான் டீசல் இருக்கிறது.

காற்று எதிர்ப்பைக் குறைக்கிறேன் என்று மேல் கூரையைக் கழற்றலாமா என்று எங்கள் ஆட்களில் ஒருவர் கேட்டார். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றேன். ஆட்களைப் பின்னால் ஏற்றும் வண்டிக்குக் கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் சட்டப்படி வேண்டும். சட்டம் இருக்கட்டும், மழையிலும் வெயிலிலும் அங்கே உட்கார்ந்து வருகிறவர்கள் நம் ஆட்கள். சில லிட்டருக்காக அவர்கள் தலைக்கு மேல் இருப்பதை எடுக்கும் பேச்சு எந்தக் கம்பெனியிலும் வரக் கூடாது.

மூன்றாவது, எஞ்சினை ஓடவிட்டு நிற்பது. அண்ணனிடம் குறைசொல்லும் தொனியில் கேட்காமல், ஒரு வாரம் மட்டும் எப்போது எவ்வளவு நேரம் என்று குறித்துத் தரச் சொன்னேன். ஒரு நாளைக்குச் சராசரி 70 நிமிடம். பெரும்பகுதி மத்தியானம் ஒரு மணிக்கு. ஆட்கள் கொண்டோவுக்குள் (தனியார் அடுக்குமாடி) வேலை செய்வார்கள், இவருக்கு உள்ளே உட்கார இடம் கிடையாது, காலை நாலரைக்கு எழுந்தவர், வண்டிக்குள் ஏர்கான் போட்டுக்கொண்டு கண்ணயர்வார். சிங்கப்பூர் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வேறு எப்படித் தூங்குவது? வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு, அது அவருக்கும் தெரியும், பயந்து பயந்துதான் தூங்கியிருக்கிறார். "எஞ்சினை அணைங்க" என்று ஒரு வரியில் உத்தரவு போட்டிருந்தால் இரண்டு நாள் கேட்டிருப்பார், மூன்றாம் நாள் மறுபடி அதேதான், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் வேலை எடுக்கும்போதே கட்டட நிர்வாகத்திடம் டிரைவர் ஓய்வெடுக்க ஒரு மூலை கேட்டு வாங்க ஆரம்பித்தோம், வீவக (அரசு அடுக்குமாடி) பேட்டை என்றால் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கவே இருக்கிறது. ஒரு மடக்குக் கட்டிலும் சார்ஜ் செய்யும் விசிறி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். 70 நிமிடம் 20 ஆனது. அடுத்த இரண்டு டாங்க்கின் சராசரி 9.2. திருப்பிக் கணக்குப் போட்டால், ஏர்கானோடு சும்மா நிற்கும்போது எங்கள் எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் போலக் குடித்திருக்கிறது.

ஆனாலும் அண்ணன், "இன்னும் இழுக்குது தம்பி" என்றார். சாமானெல்லாம் இறக்கியாகிவிட்டதே! அப்போதுதான் அவர் ஜனவரியில் சொன்னது வேறு ஒன்று என்று எனக்கு உறைத்தது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் துவாஸிலிருந்து பிஐஇ விரைவுச்சாலை வழியாக நேராக வந்து யூனிட் முன்னால் நிறுத்தினார். ஏர்கான் வேலைக்காரர்களிடம் எப்போதும் இருக்கும் ஒரு சாமான், தொடாமலேயே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரி வெப்பமானி. அதை எடுத்துக்கொண்டு குனிந்து நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். முன் இரண்டும் 60 டிகிரியை ஒட்டி. வலது பின்சக்கரத்தின் பிரேக் டிரம் 55. இடது பின்சக்கரம் 128. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி பிடித்தேன், 127. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனதும் தீய்ந்த வாசனை மெல்ல வந்தது. சூடு ஆறியதும் சமதளத்தில் நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினோம், தள்ளும்வரை நகர்ந்தது, கையை எடுத்த இடத்தில் நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டறையில் பிரித்ததில், ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் இருந்தது. பிரேக்கை விடுவித்த பிறகும் இடது பக்க லைனிங் டிரம்மை லேசாக உரசிக்கொண்டே வந்திருக்கிறது, எத்தனை மாதமோ. ஒவ்வொரு கிலோமீட்டரும் டீசலை எரித்து அந்த டிரம்மைச் சூடாக்கியிருக்கிறோம். வருடாந்தரச் சோதனையில் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். அங்கே பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள், எங்கள் பிரேக் நன்றாகவே பிடித்தது, விடத்தான் இல்லை. இடையில் இரண்டு முறை சர்வீஸுக்கு விட்ட பட்டறையிலும் எண்ணெய் மாற்றியதோடு சரி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. கேபிள், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. அடுத்த இரண்டு டாங்க், 9.9, 10.1.

வேலைக்காகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டரை மாற்றினோம், எண்ணில் அசைவே இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் எஞ்சினில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது. எஞ்சினின் ஆரோக்கியத்துக்காக மாற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை ஒருவர் கொண்டுவந்து 15 சதவீதம் மிச்சம் என்றார். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கும் மேல் ஆராய்ந்து, குறிப்பிடும்படியாக மிச்சம் தரும் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. வாங்கவில்லை.

கடைசியாக ஓட்டும் விதம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதலாளிகள் எல்லாரும் முதலில் கை வைக்கும் இடம் டிரைவரின் கால்தான், வண்டியில் இவ்வளவு கோளாறை வைத்துக்கொண்டு அவரிடம் "மெதுவா ஓட்டு" என்று சொல்வது நியாயமில்லை. அண்ணன் ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவர். ஒன்றே ஒன்றை மாற்றிக்கொண்டார். இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரல் போடும் பழக்கம் ஊரிலிருந்தே அவருக்கு இருந்தது, அது மிச்சம் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது. பழைய வண்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போதைய டீசல் எஞ்சினில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் எஞ்சின் தானே ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. தூரத்தில் சிவப்பைப் பார்த்ததும் கியரிலேயே காலை எடுத்துவிட்டு உருண்டு போவது, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டும் முன் கியர் ஏற்றுவது, இவ்வளவுதான். 10.3 வந்து நின்றது.

அப்புறம் எனக்கு உறைத்த இன்னொன்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் ஓடவே தேவையில்லாத கிலோமீட்டர் கண்ணில் படாது. பிஐஇ மட்டுமே 40 கிலோமீட்டருக்கு மேல், நாங்கள் கிழக்கில், வேலை பாதி மேற்கில். மறந்த ஒரு பார்ட்ஸுக்காக வாரத்தில் இரண்டு முறையாவது வண்டி திரும்பி வரும். முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் சாமான் பட்டியலை ஆட்களே சரிபார்த்து ஏற்றுவது, ஜூரோங், துவாஸ் வேலைகளை ஒரே நாளில் போடுவது என்று மாற்றியதில் மாதம் 2,400 கிலோமீட்டர் 2,150 ஆனது. முன்பு மாதம் 289 லிட்டர், ஜூன் மாதம் 209 லிட்டர். கம்பெனி அட்டைக் கழிவு போக லிட்டர் 2 வெள்ளி 60 காசு என்று வைத்தால் மாதம் 208 வெள்ளி மிச்சம். செலவு என்று பார்த்தால் பிரேக்குக்கு 180, கட்டிலும் விசிறியும் 60-க்குள்.

ஜூலை முதல் தேதி அத்தான் அண்ணனைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. திரும்பி வந்ததும் அத்தான் நோட்டுப் புத்தகத்தை என் மேசையிலிருந்து எடுத்து அண்ணனிடம் கொடுத்தார், இனி அது வண்டியிலேயே, அவர் கையிலேயே இருக்கட்டும் என்று. அதன் பிறகு எழுத்து அவருடையதுதான், எண்கள் கொஞ்சம் சாய்ந்திருக்கும், கடைசிக் கட்டம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும்.

நவம்பர் 9-ஆம் தேதி வரிசையில் அந்தக் கட்டத்தில், "வலது பின்சக்கரம் லேசா சூடு, 81" என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலமே வண்டி பட்டறைக்குப் போனது.